காலிபரில் சேமித்த தேடல்கள்: மின்னூல் குவியலை ஒழுங்குக்குக் கொண்டுவர ஒரு வழிகாட்டி

மின்னூல் சேர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் வந்தே தீரும் தலைவலி இது. ஐம்பது நூல் இருக்கும்வரை எது எங்கே இருக்கிறது என்பது மனதிலேயே இருக்கும். ஐந்நூறைத் தாண்டிவிட்டால், 'இது நம்மிடம் இருக்கிறதா?' என்று தேடுவதைவிட மறுபடி இறக்கிக்கொள்வது சுலபம் என்று தோன்ற ஆரம்பிக்கும். ஒரே நூலை மூன்று முறை இறக்கி, மூன்றையும் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் சேமித்து வைத்திருந்த ஆள் நான்.

அதிலிருந்து மீள முதலில் செய்தது, எல்லாரும் செய்வதுதான்: டேக் (நூலோடு ஒட்டிவைக்கும் அடையாளச் சொல்) மேல் டேக். 'படிக்க வேண்டும்', 'சீக்கிரம் படிக்க வேண்டும்', 'அட்டை இல்லை', 'பெயர் திருத்தணும்' என்று ஒட்டிக்கொண்டே போனேன். அட்டைப்படம் சேர்த்த பிறகும் 'அட்டை இல்லை' என்ற டேக் அந்த நூலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. கையால் ஒட்டியதைக் கையால்தானே பிய்க்க வேண்டும்? யார் பிய்ப்பது?

சேமித்த தேடலில் இந்தத் தொல்லை கிடையாது. 'அட்டை இல்லாத நூல்கள் எவை?' என்ற கேள்வியை மட்டும் பெயர் போட்டு வைத்துக்கொள்கிறோம். பதிலை ஒவ்வொரு முறையும் மென்பொருள் புதிதாகக் கண்டுபிடிக்கும். அட்டை சேர்த்துவிட்டால், அடுத்த முறை அந்தத் தேடலைத் தட்டும்போது அந்த நூல் வராது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் எந்தக் கேள்வியைச் சேமிப்பது, அதை எப்படி எழுதுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

இங்கே சொல்வதெல்லாம் மின்னூல்களைச் சேர்த்து ஒழுங்குபடுத்த உதவும் காலிபர் என்ற மென்பொருளை வைத்து. சோனி நிறுவனத்தின் பி.ஆர்.எஸ்-500 என்ற வாசிப்புக் கருவி வந்த 2006ஆம் ஆண்டில், அதை லினக்ஸில் பயன்படுத்துவதற்காகக் கோவிட் கோயல் எழுதத் தொடங்கியது இது. இப்போது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக ஓடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்க்க ஸோட்டெரோ வைத்திருப்பவர்களுக்கும் இதே வசதி உண்டு. பொத்தான்கள் வேறு, யோசனை ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. காலிபரின் தேடல் சொற்கள் ஆங்கிலம். இங்கே அவற்றைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தருகிறேன். பெட்டியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், சொல்லுக்குள் இடைவெளி விடாமல் தட்டுங்கள். நீங்கள் வைத்த டேக் தமிழில் இருந்தால் அதைத் தமிழிலேயே எழுத வேண்டும். புள்ளி, சமக்குறி, அடைப்புக்குறி எல்லாம் இங்கே இருப்பதுபோல அப்படியே. மேற்கோள் குறி மட்டும் வளைந்ததாக இல்லாமல் நேரானதாக இருக்கட்டும். வேறு செயலியில் எழுதி ஒட்டும்போது இது அடிக்கடி மாறிவிடும்.

அடிக்கடி வரப்போகும் சொற்கள் இவை. டைட்டில் என்றால் தலைப்பு, ஆத்தர் என்றால் ஆசிரியர், சீரீஸ் என்றால் தொடர்வரிசை, ஃபார்மட் என்றால் கோப்பு வகை, கவர் என்றால் அட்டை, லாங்வேஜ் என்றால் மொழி. டேட் என்பது நூலை நீங்கள் நூலகத்தில் சேர்த்த நாள். பப்டேட் என்பது நூல் பதிப்பிக்கப்பட்ட நாள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'புது நூலெல்லாம் எங்கே போச்சு?' என்று தேடாதவர்கள் குறைவு.

முதல் தேடல்

காலிபரைத் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் இதைத் தட்டி என்டர் அழுத்துங்கள்:

கவர்:ஃபால்ஸ்

அட்டைப்படம் இல்லாத நூல்கள் மட்டும் பட்டியலில் நிற்கும். 'ஃபால்ஸ்' என்றால் அந்த விவரம் காலி, 'ட்ரூ' என்றால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். இதே முறையில் 'டேக்:ஃபால்ஸ்' என்றால் ஒரு டேக்கும் ஒட்டாத நூல்கள், 'சீரீஸ்:ட்ரூ' என்றால் ஏதாவது ஒரு தொடர்வரிசையில் வரும் நூல்கள்.

இனி இதைச் சேமிக்க வேண்டும். தேடல் பெட்டியை ஒட்டி வலப்பக்கம் அதற்கான சிறு பொத்தான் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு அதன் படம் மாறும். சுட்டியை மேலே நிறுத்தினால் பெயர் தெரியும். அதை அழுத்தி, 'அட்டை இல்லை' என்று பெயர் கொடுத்துச் சேமியுங்கள். இடப்பக்கம் உள்ள டேக் பட்டியலில் சேமித்த தேடல்கள் என்ற தலைப்பின் கீழ் அது போய் உட்கார்ந்துகொள்ளும். இனி ஒரு கிளிக் போதும். திருத்தவோ நீக்கவோ வேண்டுமானால் அதன் மேல் வலது கிளிக்.

பட்டியலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எஸ்கேப் விசையை அழுத்துங்கள், அல்லது பெட்டியின் ஓரத்தில் உள்ள அழிப்புக் குறியை அழுத்துங்கள். இதை ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்கிறேன் என்றால், 'நூலெல்லாம் அழிந்துவிட்டது' என்று பதறி என்னிடம் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு தேடலைத் துடைக்க மறந்தவர்கள்தான். நூல்கள் குறைவாகத் தெரிந்தால் முதலில் தேடல் பெட்டியைப் பாருங்கள்.

தேடல் மொழியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இடப்பக்கப் பட்டியலில் ஒரு டேக்கைக் கிளிக் செய்யுங்கள். தேடல் பெட்டியில் அதற்கான வரி தானாக எழுதப்படும். மறுபடி மறுபடி கிளிக் செய்தால் கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறி, 'இந்த டேக் இல்லாதவை' என்ற வரி வரும். இரண்டு மூன்றைக் கிளிக் செய்து, வரும் வரியைப் படித்தே பாதி மொழியைக் கற்றுவிடலாம். நான் கற்றதும் அப்படித்தான். பெட்டியின் இடப்பக்கம் உள்ள பற்சக்கரப் பொத்தானை அழுத்தினால் மேம்பட்ட தேடலுக்கான படிவமும் திறக்கும்.

சமக்குறி என்ற காவல்காரன்

புதியவர்கள் மிக அதிகமாக வழுக்கும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டேக்:கதை

என்று தேடினால் 'கதை' என்ற டேக் உள்ளவை மட்டுமே வரும் என்று நினைப்போம். உண்மையில் 'கதை' என்ற எழுத்துகள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அத்தனையும் வரும்: சிறுகதை, விடுகதை, கதைப்பாடல், கதைசொல்லல். காலிபர் வழக்கமாக 'உள்ளே இருக்கிறதா' என்றுதான் பார்க்கிறது. அதே சொல்தானா என்று பார்க்க வேண்டுமானால் மேற்கோளுக்குள் சமக்குறி வேண்டும்:

டேக்:"=கதை"

இது தெரியாத காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'கதை' என்ற டேக்கையெல்லாம் 'புனைவு' என்று மாற்ற உட்கார்ந்தேன். சமக்குறி இல்லாமல் தேடி, வந்தவை அனைத்தையும் தேர்ந்தெடுத்து, மொத்தமாகத் திருத்தும் பெட்டியில் 'புனைவு' என்பதைச் சேர்த்துவிட்டேன். விடுகதைத் தொகுப்புகளும், நாட்டார் கதைப்பாடல் பற்றிய ஆய்வு நூல்களும், கதைசொல்லல் பயிற்சிக் கையேடுகளும் ஒரே நொடியில் புனைவாகிவிட்டன. திரும்பப் பிரிக்க இரண்டு மாலைகள் பிடித்தன. சேமிக்கப் போகும் தேடலில் டேக் வந்தால் சமக்குறி போடுவது என்று அன்றைக்கு வைத்துக்கொண்ட வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

ஆனால் சமக்குறி இல்லாத தேடலுக்கும் வேலை இருக்கிறது, அதுவும் தமிழில் நிறையவே. நம் சொற்கள் சேரும்போது உருமாறும். 'வரலாறு' என்று தேடினால் 'வரலாற்று நாவல்' என்ற டேக் அகப்படாது; 'று', 'ற்று' இரண்டும் மென்பொருளுக்கு வேறு வேறு எழுத்துகள். 'காடு' என்றால் 'காட்டுயிர்' வராது. ஆகவே சொல்லை மாறாத இடத்தோடு வெட்டிக்கொள்ள வேண்டும்:

டேக்:வரலா

இப்போது வரலாறு, வரலாற்று நாவல், தன்வரலாறு எல்லாமே வரும். இதையே தலைப்பில் போட்டுத் தேடினால் 'வீட்டிலேயே செய்யலாம், பிழைத்து வரலாம்' போன்ற தலைப்பும் சேர்ந்து வந்து நிற்கும். அதனால் வெட்டிய சொல்லை டேக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒற்று மிகும் இடங்களும் இப்படித்தான்: 'சிறுவர் கதை', 'சிறுவர்க் கதை' என்று ஒரே வீட்டில் இரண்டு டேக் குடியிருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்கத் தளர்வான தேடல், ஒன்றாக்கிய பிறகு சமக்குறித் தேடல் என்று வைத்துக்கொள்ளலாம்.

டேக்கைப் புள்ளி வைத்து அடுக்கி எழுதும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதாவது 'வரலாறு.கடல்வணிகம்', 'வரலாறு.கல்வெட்டு' என்பதுபோல, சமக்குறிக்குப் பின் ஒரு புள்ளி சேருங்கள்:

டேக்:"=.வரலாறு"

வரலாறும் அதன் கீழ் உள்ள கிளைகளும் மட்டும் வரும். 'தன்வரலாறு' நுழையாது.

இரண்டு நிபந்தனைகளைச் சேர்ப்பது

இரண்டு நிபந்தனைகளுக்கு நடுவில் வெறும் இடைவெளி விட்டால் இரண்டுமே பொருந்த வேண்டும் என்று பொருள். ஏதாவது ஒன்று போதும் என்றால் நடுவில் 'ஆர்'. கூடாது என்றால் முன்னால் 'நாட்'. இதில் சிக்கல் வருவது 'ஆர்' வரும்போதுதான். படிக்கக் கைபேசிக்கு ஏற்ற இபப் வடிவில் உள்ள நாவல்களும் சிறுகதைகளும் வேண்டும் என்று இப்படி எழுதுவோம்:

டேக்:"=நாவல்" ஆர் டேக்:"=சிறுகதை" ஃபார்மட்:"=இபப்"

பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இடைவெளிக்கு 'ஆர்' என்பதைவிட ஒட்டும் சக்தி அதிகம். அதனால் காலிபர் இதை 'எல்லா நாவல்களும். அதோடு இபப்பில் உள்ள சிறுகதைகளும்' என்று படிக்கும். பிடிஎஃப்பில் மட்டும் உள்ள நாவல்களும் வந்து நிற்கும். அடைப்புக்குறி போட்டால் தீர்ந்தது:

(டேக்:"=நாவல்" ஆர் டேக்:"=சிறுகதை") ஃபார்மட்:"=இபப்"

'ஆர்' வந்தாலே அடைப்புக்குறி போட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம்.

படித்ததா, படிக்காததா?

சேமித்த தேடல் எவ்வளவு சாமர்த்தியமாக எழுதினாலும், விவரம் பதிவாகியிருந்தால்தான் அது வேலை செய்யும். காலிபரில் வாசிப்பு நிலைக்கு என்று தனி நிரல் (நூல் பட்டியலில் ஒரு நெடுவரிசை) முதலிலேயே இருக்காது. நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அமைப்புகளில் சொந்த நிரல் சேர்க்கும் பகுதிக்குப் போங்கள். தேடலுக்கான பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் இருக்க வேண்டும். 'நிலை' என்பதை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். திரையில் தெரியும் தலைப்பு தமிழில் இருக்கலாம். முடித்ததும் காலிபரை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.

நிரலின் வகை எது என்பதுதான் முக்கியம். புதியவர்கள் 'ஆம்/இல்லை' வகையைத் தேர்ந்தெடுப்பார்கள்: படித்தேன், படிக்கவில்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. இந்த வகை நிரலில் வழக்கமாக மூன்று நிலைகள்: ஆம், இல்லை, இன்னும் ஒன்றுமே குறிக்கவில்லை. 'ட்ரூ' என்று தேடினால் 'ஆம்' என்று குறித்தவை மட்டும் வராது. 'இல்லை' என்று குறித்தவையும் சேர்ந்தே வரும். ஏனென்றால் 'ட்ரூ' கேட்பது 'ஏதாவது குறித்திருக்கிறாயா?' என்பதை. 'ஆம்' மட்டும் வேண்டுமானால் 'எஸ்' என்றும், 'இல்லை' மட்டும் வேண்டுமானால் 'நோ' என்றும் தேட வேண்டும்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்பது என் கட்சி. நாமே வரையறுத்த சில சொற்களை மட்டும் ஏற்கும் எழுத்து நிரல் என்று ஒரு வகை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து மூன்று சொல் கொடுங்கள்: பாதியில், முடித்தது, விட்டுவிட்டேன். 'படிக்கவில்லை' என்பதற்குத் தனிச் சொல் வேண்டாம். காலியாக இருந்தால் படிக்கவில்லை என்று பொருள். புதிதாகச் சேரும் நூல் காலியாகத்தானே வரும்? நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே அது படிக்க வேண்டியவற்றில் சேர்ந்துவிடும். சொந்த நிரலைத் தேடும்போது முன்னால் # குறி வரும்:

#நிலை:"=பாதியில்"

இந்த ஒரு தேடலைத்தான் நான் தினமும் பயன்படுத்துகிறேன். 'விட்டுவிட்டேன்' என்ற சொல்லைச் சேர்க்கச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். சேர்த்துப் பாருங்கள், மனசு லேசாகும்.

எவற்றைச் சேமிப்பது?

ஒருமுறை தேடி முடிக்கும் காரியத்தைச் சேமிக்க வேண்டாம். அதே கேள்வியை மூன்றாவது முறை தட்டும்போது சேமியுங்கள். எனக்கு இரண்டு வகைத் தேடல்கள்தான் நிலைத்திருக்கின்றன. ஒன்று வேலைப் பட்டியல். அதைத் தட்டினால் திருத்த வேண்டிய நூல்கள் வரும், திருத்தத் திருத்தக் குறைந்து ஒருநாள் வெறுமையாகும். மற்றது வாசிப்புப் பட்டியல். அது வெறுமையாகவே கூடாது. இரண்டிலும் சேராத தேடல் ஒன்றைச் சேமித்தால் ஆறு மாதத்தில் 'இது எதற்கு வைத்தோம்?' என்று நாமே கேட்போம்.

பட்டியல் அகரவரிசையில் வருவதால், இரண்டு வகையும் கலந்துவிடாமல் இருக்கப் பெயருக்கு முன் எண் போடுகிறேன். வேலைத் தேடல்களுக்கு 1, வாசிப்புத் தேடல்களுக்கு 2, மற்றவற்றுக்குள் வைத்துக் கட்டுவதற்கான துண்டுகளுக்கு 9. பெயர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லட்டும்: '1 அட்டை தேடு', '1 டேக் ஒட்டு', '2 பாதியில் நிற்பவை'.

வேலைத் தேடல்களில் அட்டை, டேக் இரண்டும் சொல்லியாயிற்று. ஆசிரியர் தெரியாத நூலுக்குக் காலிபர் ஆங்கிலத்தில் 'அன்னோன்' என்று போட்டுவிடும்; ஆத்தர்:"=அன்னோன்" என்று அவற்றைப் பிடிக்கலாம். ஐம்பது எம்பிக்கு மேல் கனக்கும் கோப்புகளுக்கு சைஸ்:>50எம். டேக் மிதமிஞ்சிய நூல்களுக்கு டேக்:#>6, அதாவது ஆறுக்கு மேல் டேக் ஒட்டியவை. என்னைப்போல் டேக் ஒட்டித் தள்ளியவர்களுக்கு இந்தக் கடைசித் தேடல் ஒரு கண்ணாடி.

தமிழ் நூல் வைத்திருப்பவர்கள் அவசியம் வைத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. இறக்கிய நூல்களில் பாதிக்குத் தலைப்பு ஆங்கில எழுத்தில் இருக்கும். இன்னும் சிலவற்றில், யூனிகோடுக்கு முன்பிருந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பிடிஎஃப்களில், தலைப்பு வெறும் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் கலந்த கிறுக்கலாக வந்து விழும். இவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் தேட வேண்டாம்:

லாங்வேஜ்:தமிழ் நாட் டைட்டில்:"~[அ-ஹ]"

இங்கே 'தமிழ்' என்பது மொழி நிரலில் காலிபர் காட்டும் பெயர். ஆங்கில இடைமுகம் என்றால் அதையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். அலைக்குறி, மேற்கோளுக்குள் இருப்பது வடிவத் தேடல் என்று சொல்கிறது. யூனிகோடு வரிசையில் உயிர் அகரத்திலிருந்து ஹகரம் வரை உள்ள எழுத்துகளில் ஒன்றாவது தலைப்பில் இருக்கிறதா என்று அது பார்க்கும். முன்னால் உள்ள 'நாட்' இல்லாதவற்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும். மொழி தமிழ், தலைப்பில் ஒரு தமிழெழுத்துகூட இல்லை என்றால், அது திருத்த வேண்டிய நூல். எழுதப் பார்க்கப் பயமாக இருக்கும். ஒருமுறை சேமித்துவிட்டால் பிறகு பார்க்கவே வேண்டியதில்லை. மொழி விவரமே காலியாக உள்ளவை இதில் சிக்காது என்பதால், பக்கத்திலேயே லாங்வேஜ்:ஃபால்ஸ் என்று ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆசிரியரின் பெயர் இனிஷியல் முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளியில்லாமல் என்று நாலு விதமாய் இருப்பதைத் தேடலால் தீர்க்கப் பார்க்காதீர்கள். டேக் பட்டியலில் ஆசிரியர் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து, ஆசிரியர்களை நிர்வகிக்கும் பெட்டியில் ஒரேயடியாகத் திருத்துங்கள். இரட்டைப் பிரதிகளும் அப்படியே. அதற்கு 'ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ்' என்று தனி ஒட்டுநிரல் (ப்ளகின்) இருக்கிறது.

தேடலுக்குள் தேடல்

வாசிப்புத் தேடல்களுக்கு வருவோம். படிக்காத நூல்கள் வேண்டும் என்று '#நிலை:ஃபால்ஸ்' என்று போட்டால், அகராதிகள், மென்பொருள் கையேடுகள், பாடநூல்கள் எல்லாம் வந்து குவியும். அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து படித்து முடிக்கப் போவதில்லை. இவற்றை ஒவ்வொரு தேடலிலும் விலக்கிக்கொண்டிருப்பதற்குப் பதில், விலக்குவதை மட்டும் ஒரு தேடலாக எழுதி, '9 வாசிப்புக்குரியவை' என்று சேமியுங்கள்:

நாட் (டேக்:"=அகராதி" ஆர் டேக்:"=கையேடு" ஆர் டேக்:"=பாடநூல்")

இனி மற்றத் தேடல்களில் இதைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்:

சர்ச்:"=9 வாசிப்புக்குரியவை" #நிலை:ஃபால்ஸ்

நாளைக்கே 'சமையல் குறிப்பு' என்ற டேக்கையும் விலக்க வேண்டும் என்று தோன்றினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்; அதைக் கூப்பிடும் எல்லாத் தேடல்களும் சரியாகிவிடும். ஆனால் ஒரு தேடல் தன்னையே கூப்பிடக் கூடாது, சுற்றிவளைத்தும் கூடாது. காலிபர் பிழை காட்டி நிறுத்திவிடும். துண்டுத் தேடலின் பெயரை மாற்றினால் அதைக் கூப்பிடும் இடங்களையும் சரிபாருங்கள். இரண்டு மட்டத்துக்கு மேல் அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் நாலு மட்டம் கட்டினேன். எங்கே எது விலக்கப்படுகிறது என்று எனக்கே புரியாமல் போய், எல்லாவற்றையும் கலைத்துத் திரும்பக் கட்டினேன்.

இதே துண்டை வைத்து வேறு சில. தொடர்வரிசைகளில் இன்னும் தொடங்காதவற்றின் முதல் நூல்கள்:

சர்ச்:"=9 வாசிப்புக்குரியவை" #நிலை:ஃபால்ஸ் சீரீஸ்_இண்டெக்ஸ்:=1 சீரீஸ்:ட்ரூ

இங்கே 'சீரீஸ்' 'இண்டெக்ஸ்' இரண்டுக்கும் நடுவில் அடிக்கோடு உண்டு. சீரீஸ்:ட்ரூ என்பதை விட்டுவிட்டால், தொடரிலேயே இல்லாத தனி நூல்களும் வந்துவிடலாம். காலிபர் அவற்றுக்கும் வரிசை எண்ணை ஒன்று என்றே வைத்திருக்கும்.

பிடிஎஃப்பில் மட்டும் இருந்து, கைபேசியில் படிக்க முடியாமல் திணறவைப்பவை:

ஃபார்மட்:"=பிடிஎஃப்" நாட் ஃபார்மட்:"=இபப்"

இது வேலைத் தேடலா, வாசிப்புத் தேடலா என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. இப்போதைக்கு 1இல் இருக்கிறது.

நாள் போட்டால் பழசாகும்

சமீபத்தில் சேர்த்தவை என்று ஒரு தேடல் எல்லாருக்கும் வேண்டும். 'டேட்:>2024-06-01' என்று சேமித்தால் இன்றைக்குச் சரி. ஒரு வருடம் கழித்து அது 'சமீபம்' ஆகாது. காலிபருக்கு எண்ணிக்கையாகவும் சொல்லலாம்:

டேட்:>30டேஸ்அகோ

எண்ணையும் சொல்லையும் ஒட்டி எழுதுங்கள். இது எப்போது தட்டினாலும் கடந்த முப்பது நாள்தான். குறியைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவாரசியமான கேள்வி கிடைக்கும்:

சர்ச்:"=9 வாசிப்புக்குரியவை" #நிலை:ஃபால்ஸ் டேட்:<365டேஸ்அகோ

சேர்த்து ஒரு வருடமாகியும் திறக்காதவை. இந்தப் பட்டியலைப் பார்த்த அன்று புது நூல் இறக்கும் ஆசை கொஞ்சம் அடங்கும். இதை '2 தூசி' என்ற பெயரில் வைத்திருக்கிறேன்.

மெய்நிகர் நூலகம் எப்போது?

சேமித்த தேடலுக்கு அண்ணன் மாதிரி காலிபரில் இன்னொன்று உண்டு: மெய்நிகர் நூலகம். அதுவும் ஒரு தேடலை வைத்துத்தான் உருவாகிறது. உருவாக்கும் பெட்டியில் உங்கள் சேமித்த தேடலையே கொடுக்கலாம். வித்தியாசம் இதுதான்: மெய்நிகர் நூலகத்துக்குள் நுழைந்துவிட்டால் இடப்பக்க டேக் பட்டியலும் அதற்குள் உள்ள நூல்களுக்கு மட்டுமே சுருங்கும், அதற்குள் தட்டும் தேடல்களும் அதற்குள் மட்டுமே தேடும். ஒரு வீட்டில் பிள்ளைகளின் நூல்களும் பெரியவர்களின் நூல்களும் ஒரே கணினியில் இருந்தால் இது அருமை. புத்தகப் பட்டியலுக்கு மேலே தாவல்களாகவும் காட்டச் சொல்லலாம்.

'இன்று எதைத் திருத்தலாம்?', 'இன்று எதைப் படிக்கலாம்?' மாதிரி வந்து போகும் கேள்விகளுக்குச் சேமித்த தேடல். மணிக்கணக்கில் உட்காரப் போகும் அறைக்கு மெய்நிகர் நூலகம். வேலைத் தேடலை மெய்நிகர் நூலகமாக்குவது வேண்டாத வேலை.

சில எச்சரிக்கைகள்

சேமித்த தேடல்கள் அந்தந்த நூலகத்தின் தரவுத்தளக் கோப்பிலேயே இருக்கின்றன. ஆகவே காலிபரில் இன்னொரு நூலகத்தை உருவாக்கும்போது, இப்போதைய நூலகத்தின் அமைப்பையும் நகலெடுக்கச் சொல்லாவிட்டால் அங்கே அவை இருக்காது. வேறு கணினிக்கு மாறும்போது முழு நூலகக் கோப்புறையையும் நகலெடுத்தால் தேடல்களும் கூடவே வரும். நூல் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் போனால் வராது. என் தேடல் வரிகளை ஒரு சாதாரண உரைக் கோப்பிலும் எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒவ்வொன்றும் எதற்கு என்ற ஒரு வரியோடு.

தேடி வந்தவற்றை மொத்தமாகத் திருத்தும் முன் பட்டியலை மேலிருந்து கீழ் ஒருமுறை உருட்டிப் பாருங்கள். என் விடுகதைகள் கதை ஞாபகம் இருக்கட்டும்.

புதிதாக எழுதிய தேடல் சரியா என்று சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதில் கட்டாயம் வர வேண்டிய ஒரு நூலையும், வரவே கூடாத ஒரு நூலையும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேடலைத் தட்டி, முதலாவது இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாவது இல்லையா என்றும் பாருங்கள். வர வேண்டியது வந்ததை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடுவோம். வரக் கூடாததுதான் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

இவை எல்லாம் நூலின் விவரங்களைத் தேடுபவை. நூலுக்குள்ளே இருக்கும் வாசகங்களைத் தேடாது. 'அந்த வரி எந்த நூலில் படித்தோம்?' என்ற கேள்விக்கு 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து முழுஉரைத் தேடல் தனியாக இருக்கிறது. முதல்முறை அதைத் தொடங்கும்போது எல்லா நூல்களையும் படித்து அட்டவணை போட வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுப் படுக்கப் போய்விடுங்கள். படமாக மட்டும் வருடிய (ஸ்கேன் செய்த) பிடிஎஃப்களில் உரையே இல்லாததால் அவை அங்கேயும் அகப்படாது. அப்படிப்பட்ட நூல்களைத் திறந்து பார்க்கும்போதே 'படவடிவம்' என்று ஒரு டேக் ஒட்டிவிடுங்கள். நூலின் பொருளைச் சொல்லாமல் அதன் நிலையைச் சொல்லக் கையால் ஒட்டும் டேக்குகளில் நான் இன்னும் விடாமல் வைத்திருப்பது அது ஒன்றைத்தான்.